துச்சிலும் புக்கிலும்: இளையரின் வாடகை வாழ்வு

பொதுச் சொற்பொழிவு ஒன்றின் நிறைவில் வினாக்களுக்குச் சிறிது நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரம் சொற்பிறப்புக் குறித்துப் பேசிக் களைத்திருந்த நம்மை நோக்கித் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து இவ்வாறு கேட்டார்: “உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ‘சொந்த வீடு’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘வாடகை வீடு’ என்று பயிற்சித்தாளில் எழுதினேன், ஐயா. மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் என் அக்கா ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே போனதிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்வதில்லை. உறவினர் கேட்டால், ‘வேலைக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறாள்’ என்கிறார் அம்மா. வாடகை என்பது அப்படி என்ன கெட்ட சொல்?”

அவையினர் சிரித்தனர். நேரமும் முடிந்துவிட்டது. அன்று நாம் அளித்த விடை அரைகுறையானது. அதனை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் சொல்லை நோக்குவோம். சிங்கப்பூர்த் தமிழில் ‘வாடகை வீடு’ என்பது இரு பொருள் தரும் தொடர். உரிமையாளர் ஒருவருக்கு மாதந்தோறும் பணம் செலுத்திக் குடியிருக்கும் எந்த வீட்டையும் அது குறிக்கும், இது பொதுப்பொருள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது நாம் நாள்தோறும் சொல்லும் வீவக, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மிகக் குறைந்த வாடகையில் அளிக்கும் ஓரறை, ஈரறை வீடுகளையும் அதே தொடர் குறிக்கும், இது சிறப்புப்பொருள். இத்தகைய வீடுகள் தீவெங்கும் 50,000க்கு மேல் உள்ளன. ‘வாடகை வீடுகளில் வாழும் பிள்ளைகள்’ என்று செய்தித்தாளில் ஒரு தலைப்பைக் கண்டால் நம்மில் எவரும் இரண்டாம் பொருளையே கொள்வோம். ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல் பின்னர்த் தீயமணத்தை மட்டுமே குறிக்கலாயிற்று என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ‘வாடகை வீடு’ என்பதும் நம் கண்ணெதிரே அவ்வழியில் நடந்துகொண்டிருக்கிறது. மாணவியின் தாயார் மறைக்க விரும்பியது, அச்சொல்லோடு ஒட்டிவரும் வறுமையின் நிழலைத்தான். அந்த நிழல், அவ்வீடுகளிலிருந்து வந்து நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்மீதும் விழுகிறது. ‘சொந்த வீடு வாங்கி முன்னேறிய குடும்பம்’ என்று மாதிரிக் கட்டுரை எழுதித் தரும் ஆசிரியர்கள் இதனை ஒரு நொடி எண்ணிப் பார்த்தல் நலம்.

இச்சொல் தாழ்ந்தது அண்மையில்தான், எம் வாழ்நாளுக்குள்தான். எம் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றியவர். அத்தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம். அது எங்களுக்குச் சொந்தமானதன்று, வாடகைக்கு எடுத்ததுமன்று. வேலையோடு வந்த ‘குவாட்டர்ஸ்’. வேலை போனால் வீடும் போகும் என்பதனை அங்கு வாழ்ந்த தமிழரும் மலையாளிகளும் நன்கறிந்திருந்தனர். மலாயாத் தோட்டங்களின் லயங்களில் பிறந்தோருக்கும் இது புதிதன்று. பிரிட்டிஷ் படையினர் 1971இல் விலகியபோது அந்த அறிவு அச்சமாக மாறியது. எம் தாயார் அக்காலத்தில் மீண்டும் மீண்டும் சொன்னது ஒன்றே: யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத ஓர் இடம் வேண்டும்.

வீவக 1960 பிப்ரவரி 1ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. அது முதலில் கட்டிய வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. குழாய் நீரும் மின்விளக்கும் உள்ள ஒரு வாடகை வீடு கிடைத்தது என்பது அத்தாப்புக் கூரையின்கீழ் வாழ்ந்தோருக்கு அன்று பெருமைக்குரிய செய்தி. 1964இல் வீட்டுரிமைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1968இல் மத்திய சேம நிதியிலுள்ள தம் சேமிப்பைக் கொண்டு வீடு வாங்கலாம் என்னும் வழி பிறந்தது. கையில் வரும் சம்பளத்தை அதிகம் தொடாமலே கடன் கட்ட இயன்றது. இன்று குடியிருப்பாளர் குடும்பங்களில் 10க்கு 9 தாம் வாழும் வீட்டை உரிமையாகக் கொண்டவை. உலகில் இதற்கு நிகரான நகரம் அரிது. ஏறக்குறைய எல்லாரும் உரிமையாளராகிவிட்ட ஊரில் உரிமையற்றவரைக் குறிக்கும் சொல் கீழே இறங்குதல் இயல்பே. எம் தாயாரின் அச்சம் நீங்கியது. நீங்கிய அச்சமே அடுத்த தலைமுறைக்கு அளவுகோலாகவும் ஆனது.

இனி, இளையர் ஏன் வாங்காமல் வாடகைக்குப் போகின்றனர் என்னும் வினாவுக்கு வருவோம். பெரும்பாலோர் திறத்தில் இவ்வினாவே பிழையானது. ‘வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா’ என்னும் தேர்வு 27 வயதுடைய, மணமாகாத ஒரு சிங்கப்பூரர் முன் இல்லை. வீவக வீட்டை வாங்கக் குடும்பமாக விண்ணப்பிக்க வேண்டும். மணமாகாதவரும் மணமுறிவு பெற்றவரும் தனியே வாங்க வேண்டுமாயின் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 1991 முதல் இவ்வயதினர் மறுவிற்பனை வீடுகளை வாங்க அனுமதிக்கப்பட்டனர். புதிய ஈரறை வீடுகள் 2013இல் சில வட்டாரங்களில் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2024 அக்டோபர் முதல் எல்லா வட்டாரங்களிலும் விண்ணப்பிக்கலாம். வாயில்கள் விரிந்தன, 35 என்னும் எண் மட்டும் அசையவில்லை. தனியார் வீடுகளோ இவ்வயதினருக்கு எட்டாக் கனி.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் பழமொழி. அதில் இரண்டும் தனித்தனி இடர்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றில் இறங்கலாம். சிங்கப்பூரில் ஒன்று மற்றொன்றின் திறவுகோலாகிவிட்டது. காதலர் இருவர் உரையாடுகையில் ஒருவர், “நாம பிடிஓ போடலாமா?” என்று கேட்டால், அது தேவைக்கேற்பக் கட்டித்தரப்படும் வீடு பற்றிய வினா அன்று, என்னை மணந்துகொள்வாயா என்னும் வேண்டுகோள். வினாவின் வடிவில் வேறொரு செயலை நிகழ்த்துவதை மறைமுகப் பேச்சுச்செயல் என்போம். பாடநூல்களில் ‘கொஞ்சம் உப்பு எடுக்க முடியுமா’ என்னும் சலித்துப்போன எடுத்துக்காட்டைத் தருவதைவிட இதனைத் தரலாம். மாணவர் உடனே விளங்கிக்கொள்வர். ஒரு விண்ணப்பப் படிவம் காதல் மொழியாகிவிட்டதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மணம் முடிக்கும் வயது 30ஐ ஒட்டித் தள்ளிப்போயிருக்க, மணமே வேண்டாம் என்போர் தொகையும் கூடியிருக்க, திறவுகோல் கையில் இல்லாதவர் எங்கே இருப்பது என்னும் கேள்வி எஞ்சுகிறது.

ஆகவே, அவர்கள் முன் உள்ள உண்மையான தேர்வு, பெற்றோர் வீடா வாடகை அறையா என்பதே. பெற்றோர் வீட்டில் அப்படி என்ன குறை என்று முதியோர் கேட்பர். மூவறை வீட்டில் தம்பியோடு படுக்கையறையைப் பகிர்ந்துகொள்ளும் 28 வயதுப் பெண்ணிடம் அதனைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். வீவக வழக்கில் மூவறை என்பது இரண்டே படுக்கையறைகள் கொண்டது. கூடத்தையும் சேர்த்து எண்ணுவதால் மூன்றாகிறது. கொவிட் காலத்தில் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் தந்தை கூட்டத்தில் பேச, மறுமுனையில் மகள் வாடிக்கையாளரோடு பேச, நடுவே பாட்டி காய் நறுக்கினார். அந்நாள்களில்தான் பல இளையர் வெளியேறும் முடிவை எடுத்தனர். இடநெருக்கடி மட்டும் காரணமன்று. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை 16 வயதில் பொருந்தும். 30 வயதில் அது இரு தரப்பையும் வருத்தும். தனியே போன பிறகு பெற்றோரோடு உறவு இனிமையாயிற்று என்று சொல்லும் இளையரை நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம்.

இன்னொரு சாரார் மணம் முடித்தவர். வீட்டுக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் எண்ணும் பெற்றவர். ஆனால் கட்டடம் எழும்பும்வரை காத்திருப்பவர். மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வழக்கமே. 2020இல் கட்டுமானப் பணிகள் நின்றபோது அது மேலும் நீண்டது. இவர்களுக்கென வீவக 2013 முதல் தற்காலிக வாடகை வீடுகளை அளித்து வருகிறது. அங்கும் வரிசை உண்டு. வரிசையில் இடம் கிட்டாதோர் வெளிச்சந்தையை நாடினர். வெளிநாட்டிலிருந்து திரும்பியோரும் அச்சந்தைக்கே வந்தனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 விழுக்காடு உயர்ந்தது. உரிமையாளர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஒன்றரை மடங்காக்கினார் என்றும், பேச இடமே தரவில்லை என்றும் எம் பழைய மாணவர் ஒருவர் அந்நாளில் எழுதியிருந்தார். எம் தாயாரின் சொல் நினைவுக்கு வந்தது.

இங்கே ஒரு கணக்கை விளக்குதல் வேண்டும். பலர் இதனைக் கவனிப்பதில்லை. வீட்டுக் கடனை மத்திய சேம நிதியிலிருந்து கட்டலாம். வாடகையை அவ்வாறு கட்ட இயலாது. ஒரே சம்பளம் பெறும் இருவரில் வீடு வாங்கியவர் கைப்பணத்தைத் தொடாமலே தவணையின் பெரும்பகுதியை அடைத்துவிடுவார். அறை எடுத்தவர் ஒவ்வொரு வெள்ளியையும் கையிலிருந்து தருவார். ஆதலால், வாடகைக்குப் போகும் இளையர் சுகவாசிகள் என்னும் குற்றச்சாட்டு பொருந்தாது. மாதக் கணக்கில் பார்த்தால் அவர்களே கடினமான வழியைத் தேர்ந்தவர்கள். ஒரு வீட்டின் உரிமையாளரும் வாடகைக்கு இருப்போரும் சேர்ந்து வாழும் அறை வாழ்க்கையில் சமையலறைக்கு நேர அட்டவணை உண்டு, சலவை இயந்திரத்துக்கு நாள் உண்டு, விருந்தினர்க்குத் தடையும் உண்டு. தோசைக் கல்லை எடுத்துச் செல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்ற ஒருவரை நாம் அறிவோம்.

வாங்கும் தகுதியிருந்தும் வாங்காதோரும் உளர். தொகையிற் சிறியரேனும் அவர்கள் சொல்வதைக் கேட்டல் தகும். வாங்கிய வீட்டில் குறைந்தது 5 ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே அதனை விற்கவோ முழுமையாக வாடகைக்கு விடவோ முடியும். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் ‘பிளஸ்’, ‘பிரைம்’ என்னும் நல்ல அமைவிடத்து வீடுகளுக்கு அது 10 ஆண்டுகள். அவற்றை அதன் பின்னரும் முழுமையாக வாடகைக்கு விடலாகாது. மலிவாகக் கிடைக்கும் பொதுவீட்டைச் சூதாட்டப் பொருளாக்காதிருக்க இக்கட்டுப்பாடு தேவை என்பது எம் கருத்து. எனினும், அடுத்த ஆண்டு வேலை சிட்னியிலா சென்னையிலா என்று அறியாத ஒருவருக்கு 10 ஆண்டு என்பது நெடுங்காலம். ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் விலைபோன மறுவிற்பனை வீடுகள் 2024இல் 1,000ஐத் தாண்டின. மற்ற வீடுகளின் விலையும் அவற்றின் பின்னே ஏறும் என்னும் அச்சம் சிலரை விரைந்து வாங்கச் செய்கிறது, சிலரை ஒதுங்கச் செய்கிறது.

வாடகை கொடுப்பது கடலில் கரைத்த பெருங்காயம் என்பர் பெரியோர். அவர்களை எள்ளுதல் தகாது. 1970களில் வாங்கியோரின் வீடு பன்மடங்கு மதிப்புப் பெற்றது. நாமும் அவ்வாறு பயனடைந்தவரே. முதுமையில் வருமானம் நின்றபின் வாடகை நிற்காது என்பதும் உண்மை. இதற்கு விடை காணாமல் 40 வயதைக் கடத்தும் இளையரிடம் நாம் கவலையோடுதான் பேசுகிறோம். ஆனால் ‘சொந்த வீடு’ என்று நாம் அழுத்திச் சொல்வது என்ன? வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகள், காலம் முடிந்ததும் 2020 டிசம்பர் 31ஆம் நாள் அரசுக்கே திரும்பின, இழப்பீடு இல்லை. அவற்றில் வாழ்ந்தோரும் அவற்றைச் சொந்த வீடென்றே சொல்லி வந்தனர். குத்தகை என்பதை அன்றாடப் பேச்சில் நாம் ‘சொந்தம்’ என்று மொழிபெயர்த்துவிட்டோம். ஆறு மாதத்துக்கும் 99 ஆண்டுக்கும் இடையே பெருவேறுபாடு உண்டு. எனினும் அது அளவில் உள்ள வேறுபாடு.

இவ்விடத்தில் பழந்தமிழ் நமக்கு இரண்டு சொற்களை நீட்டுகிறது. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் ‘புக்கில்’, ‘துச்சில்’ என்னும் இரண்டும் அருகருகே வருகின்றன. புகுந்து நிலையாகத் தங்கும் இல் புக்கில். சிறிது காலம் ஒதுங்கியிருக்கும் இல் துச்சில். உடம்பில் தங்கும் உயிரைப் பற்றிப் பேச வள்ளுவர் இவற்றை எடுத்தாண்டார். உவமையாக எடுத்தாள வேண்டுமாயின் கேட்போர் அறிந்த வழக்காக இருந்திருத்தல் வேண்டும். ஒதுக்கிடங்களில் தங்கி வாழ்ந்தோர் அன்றும் இருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. இவ்விரு சொற்களும் தங்கும் காலத்தின் நெடுமையால் வேறுபடுகின்றன. பத்திரம் யார் பெயரில் என்பதனால் அல்ல.

‘வீடு’ என்னும் சொல்லே வியப்பானது. கெடு, கேடு என்றும், படு, பாடு என்றும் ஆவது போல, விடு என்பது முதனிலை திரிந்து வீடு ஆயிற்று. பழைய நூல்களில் உறைவிடத்தைக் குறிக்க இல், மனை என்னும் சொற்களே மிகுதி. வீடு என்பது விடுதலையையும் உயிரின் விடுபேற்றையும் குறித்தது. படை தங்கிச் செல்லும் இடம் படைவீடு. வழிப்போக்கர் தங்குமிடம் விடுதி. வீடும் விடுதியும் ஒரே வேரில் கிளைத்தவை. 25 ஆண்டுக் கடன் வாங்கி அடையும் ஒன்றுக்கு விடுதலை என்னும் பொருளுடைய பெயர் அமைந்தது பற்றி வகுப்பில் சொன்னால், பின்வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவர்.

வாடகைக்கும் பழைய தமிழ்ப்பெயர் உண்டு: குடிக்கூலி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அது ‘குடக்கூலி’ என்று மருவி அண்மைக்காலம்வரை வழங்கியது. வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருப்போரை அங்கே ‘குடித்தனக்காரர்’ என்பர். ‘மாடியில் ஒரு குடித்தனம் இருக்கிறது’ என்பர். குடித்தனம் என்பது குடும்பம் நடத்தும் செயல். பணம் கொடுப்பவர் என்று பாராமல், அடுப்பு மூட்டி வாழ்பவர் என்று பார்த்து இட்ட பெயர் அது. நம் ஊர்ப் பேச்சிலோ ‘சேவா’ என்னும் மலாய்ச் சொல்லும் ‘ரூம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டிலும் குடித்தனம் இல்லை. இடையே ஒரு வேடிக்கை: ‘வீட்டுக்காரர்’ என்றால் வாடகை வாங்குபவரும் ஆவார், கணவரும் ஆவார். ‘வீட்டுக்காரர் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்கிறார்’ என்று ஒரு பெண் சொன்னால் சூழலறிந்தே பொருள் கொள்ள வேண்டும்.

மொழி மன்றத்தின் வெளியீட்டில் வீட்டு விலையைப் பேசுவானேன் என்று எண்ணுவோர் இருக்கலாம். 2010, 2020 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை நோக்குக. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இதற்குக் காரணங்கள் பல. வாடகை அறைகளை முதன்மைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. ஆனால் ‘வீட்டில்’ என்னும் சொல்லை நம்பியே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஒரு மொழி எந்தெந்தப் புழங்குகளங்களில் வாழ்கிறது என்று ஆராயும் முறையை ஜோஷுவா பிஷ்மன் வகுத்தபோது அவற்றுள் குடும்பமே தலையாயதாக இருந்தது. பிலிப்பினோ ஒருவரோடும் சீனர் ஒருவரோடும் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தமிழ் இளைஞரின் வீட்டுமொழி எது? சமையலறையில் ஆங்கிலம், கதவைச் சாத்திக்கொண்டு பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது தமிழ். ‘வீட்டில் எம்மொழி பேசுகிறீர்’ என்று கேட்டால் அவர் ஆங்கிலம் என்றே சொல்வார், சொன்னது பொய்யுமன்று.

தனியே போனதால் தமிழ் கழன்றுபோனவரையும், தனியே போன பிறகே தமிழைத் தேடியவரையும் நாம் கண்டிருக்கிறோம். பின்னவருள் ஒருவர், குழம்புக் குறிப்பைக் கேட்க அம்மாவை அழைத்து, ‘தாளிப்பது’, ‘வதக்குவது’, ‘வறுப்பது’ ஆகிய மூன்றுக்கும் வேறுபாட்டை 29 வயதில் கற்றுக்கொண்டவர். பெற்றோர் வீட்டில் இருந்தவரை தட்டில் சோறு வந்தது, சொல் வரவில்லை. இத்தகையோர் ஞாயிறுதோறும் வீடு திரும்பும்போது, ‘எப்போது வீடு வாங்கப் போகிறாய்’ என்பதே முதல் கேள்வியாக இருந்தால் வருகை குறையும். வருகை குறைந்தால் அந்த இரண்டு மணி நேரத் தமிழும் குறையும். தாயார் உறவினரிடம் உண்மையை மறைப்பதால் மகளுக்கு நேரும் இழப்பும் இதுவே: தன் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் பேச அவளுக்கு இடமில்லாமற் போகிறது.

மாணவி கேட்ட வினாவுக்கு இனி விடை சொல்லலாம். ‘சொந்த வீடு’, ‘வாடகை வீடு’ என்பவற்றை எதிர்ச்சொற்களாக எழுதியதற்கு அளித்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. ஆனால் அவை பகலும் இரவும் போல ஒன்றையொன்று மறுப்பன அல்ல. உரிமையைக் குறித்து அவை வேறுபடும். குடியிருப்பதைக் குறித்து வேறுபடா. ஆசிரியர்கள் அப்பயிற்சியை நீக்கவும் வேண்டா. ‘வாடகை வீடு’ என்னும் தொடரை இரு பொருளிலும் அமைத்து இரண்டு வாக்கியங்கள் எழுதச் சொல்லலாம். குடித்தனம், குடிக்கூலி, துச்சில் ஆகியவற்றை அகராதியில் தேடச் சொல்லலாம். தம் தாத்தா பாட்டி முதன்முதலில் குடியிருந்த இடம் எது, அதற்கு யாரிடம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லலாம். அக்காவைப் பற்றி உறவினர் மறுமுறை கேட்டால் என்ன சொல்வது என்று மாணவி அரங்கைவிட்டு வெளியேறும்போதும் கேட்டார். ‘அங் மோ கியோவில் குடியிருக்கிறாள்’ என்று சொல்லச் சொன்னோம்.